பேனர் அச்சாகுமுன் பிழை பிடிப்பது எப்படி?

சாப்பாட்டுக் கடைப் பலகையில் ‘மீன் குளம்பு’ என்று இருந்தால், சாப்பிட வருபவர்களில் பலர் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். கவனித்துவிட்டவர்களுக்கோ மீனுக்கு எப்போது கால் முளைத்தது என்ற எண்ணம்தான் வரும். குளம்பு மாட்டுக்கும் குதிரைக்கும் உண்டு. சோற்றில் ஊற்றிக்கொள்வது குழம்பு.

இந்த மாதிரிப் பிழைகள் படிக்காதவர்களால் மட்டும் வருவதில்லை. கடலூரிலோ புதுச்சேரியிலோ அன்றாடப் பேச்சில் ழ, ள இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ர, ற வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ன, ண வேறுபாடு பாதிதான் மிச்சம். ஆகவே ‘வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன், சரியாகத்தானே இருக்கு’ என்று சொல்லி அச்சுக்கு அனுப்புவதில் பயனில்லை, ஏனென்றால் காது இந்தப் பிழையைப் பிடிக்காது. கண்ணால்தான் பிடிக்க வேண்டும். அதற்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். திருமணப் பத்திரிகை, கடைப் பலகை, திருவிழா பேனர், இரங்கல் சுவரொட்டி என எதை அச்சகத்துக்கோ ஃபிளெக்ஸ் கடைக்கோ கொண்டுபோனாலும் கீழே உள்ளவற்றைப் பார்த்துவிட்டால் பெரும்பாலான பிழைகள் அங்கேயே நின்றுவிடும்.

வாசகத்தைக் கொடுக்கும் விதம்

பாதிப் பிழை கடையில் உருவாகிறது. நீங்கள் நின்றுகொண்டு வாயால் சொல்ல, அந்தத் தம்பி காதில் விழுந்தபடி தட்டச்சு செய்வார். அல்லது ஒரு துண்டுக் காகிதத்தில் கோணலாக எழுதிக் கொடுப்பீர்கள், உங்கள் ‘ண’ அவர் கண்ணுக்கு ‘ன’வாகத் தெரியும். இரண்டையும் தவிருங்கள். முழு வாசகத்தையும் நீங்களே கைப்பேசியில் தட்டச்சு செய்து, சரிபார்த்து, வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். குரல் பதிவு வேண்டாம், பழைய பத்திரிகையின் படமும் வேண்டாம். படத்தைப் பார்த்து அடிப்பவர் அதில் இருக்கும் பிழையையும் சேர்த்தே அடிப்பார்.

மூன்று சுழி, இரண்டு சுழி

ண, ந, ன மூன்றுக்கும் நம் பள்ளிக்கூடத்துப் பெயரிலேயே விடை இருக்கிறது: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ஒரே சொல்லுக்குள் ட-வுக்கு முன்னால் ண் வரும், த-வுக்கு முன்னால் ந் வரும், ற-வுக்கு முன்னால் ன் வரும். கொண்டாட்டம், வெண்டைக்காய், ஆண்டு, பந்தல், வந்தனம், நன்றி, மன்றம். ‘கொன்டாட்டம்’, ‘வென்டைக்காய்’ என்று கண்டால் யோசிக்காமல் திருத்தலாம். இன்டர்நெட் போன்ற பிறமொழிச் சொற்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சொல்லின் முதல் எழுத்தாக ந மட்டுமே வரும். ப-வுக்கு முன்னால் ண், ன் இரண்டும் வரும் (நண்பர், அன்பர்), அவற்றை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவில் வரும்போது இந்த விதி கைகொடுக்காது. அந்த இடத்தில் பொருளை வைத்துப் பாருங்கள். பேனர்களில் திரும்பத் திரும்ப வருபவை சிலவே: திருமணம், மணமகள், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி இவற்றில் மூன்று சுழி. அன்னதானம், நினைவஞ்சலி இவற்றில் இரண்டு சுழி. புதுமனை புகுவிழாவில் வருவது மனை, அதாவது வீடு. ‘புதுமணை’ என்று போட்டால் உட்காரும் பலகைக்கு விழா எடுத்ததாக ஆகிவிடும். ஆனி மாதம், ஆணி அல்ல. ‘கைப்பேசி என்’ என்று அச்சிடும் பழக்கமும் உண்டு, அது எண். வடலூர்த் தைப்பூசத்துக்குப் போகிற வழியெல்லாம் அன்னதானப் பந்தல் பேனர்கள் இருக்கும். அவற்றில் ‘தனிப்பெருங்கருணை’யின் கடைசி ணை, ‘னை’ ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே சொல்லில் ‘பெரும்’ என்பதன் ம், அடுத்து வரும் க-வுக்காக ங் ஆகியிருக்கிறது. ‘பெரும்கருணை’ என்று பிரித்து வைக்காதீர்கள்.

கடலூர்ச் சமையலறையில் ர-வும் ற-வும்

உணவகப் பட்டியலை எழுதுபவருக்கு இதுதான் பெரிய வழுக்குப் பாறை. எண்ணெயில் போட்டு எடுப்பது பொரித்தல், ஆகவே பொரித்த மீன், உருளைக்கிழங்குப் பொரியல். ‘பொறித்த மீன்’ என்றால் கல்லிலோ செம்பிலோ செதுக்கிய மீன், பாண்டியன் கொடியில் இருப்பது போல. வறுப்பதால் வருவது வறுவல், ‘வருவல்’ அல்ல. முறுக்கில் று, முருங்கையில் ரு. இறால், சுறா இரண்டிலும் வல்லின ற. வஞ்சிரம், சங்கரா இரண்டிலும் இடையின ர. சுறாப்புட்டு என்று எழுதும்போது நடுவில் ப் விடுபடக் கூடாது. கறிவேப்பிலையைப் பாதிப் பேர் ‘கருவேப்பிலை’ என்று எழுதுகிறார்கள். அது கறிக்குப் போடும் வேப்பிலை. எண்ணெய், வெண்ணெய் இரண்டும் நெய்யில்தான் முடியும், ‘எண்ணை’ என்று ஒன்று கிடையாது. எலுமிச்சையில் லு. மிளகு, மிளகாய், தக்காளி, உளுந்து எல்லாம் ள. வாழைக்காய் பஜ்ஜியில் ழ. வாளை என்றால் மீன், அதுவும் இதே பட்டியலில் இருக்கக்கூடும் என்பதால் கவனம் தேவை. நெல்லிக்குப்பம் பக்கத்துச் சாலையோர வண்டிகளில் எழுதும் ‘கரும்புச்சாறு’ ஒரு சொல்லிலேயே மூன்று பொறி வைத்திருக்கிறது: முதலில் ரு, நடுவில் ச், கடைசியில் று. வெல்லம் விற்கிறவர் ‘வெள்ளம்’ என்று எழுதினால் கடலூர்க்காரர்களுக்கு அது வேடிக்கையாக இருக்காது.

சமையலறைக்கு வெளியே ஒரு சொல்லை மட்டும் கட்டாயம் பாருங்கள்: இரங்கல். இரங்கு என்றால் வருந்துவது, இறங்கு என்றால் கீழே வருவது. ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று சுவரொட்டி அடித்து ஊரெல்லாம் ஒட்டியபின் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். துக்க வீட்டில் எழுத்துப்பிழையைச் சொல்லும் துணிவு யாருக்கு வரும்? இறைவனடி, மறைவு, பிறந்தநாள், திறப்பு விழா, விடுமுறை, சில்லறை இவை எல்லாம் வல்லின ற.

‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்பது இன்னொரு வகைப் பிழை. ஆறு ஆற்றில் ஆகும், சோறு சோற்றில் ஆகும், கயிறு கயிற்றில் ஆகும், ஏனென்றால் அவை று-வில் முடிகின்றன. சுவர் ர்-இல் முடிகிறது, ஆகவே சுவரில். தேரைத் ‘தேற்றில்’ என்று யாரும் எழுதுவதில்லையே!

ஒற்று: போடுவதா, வேண்டாமா?

வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று பள்ளியில் படித்த நீண்ட பட்டியல் பலகை எழுதுபவருக்குத் தேவையில்லை. பேனர்களிலும் பலகைகளிலும் வரும் வாக்கியங்களுக்கு இந்தச் சில சோதனைகளே போதும். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மட்டும் இவற்றைப் பாருங்கள்.

முந்தைய சொல் ‘ஐ’ உருபிலோ ‘கு’ உருபிலோ முடிந்தால் ஒற்றுப் போடுங்கள். ‘இருந்து’ என்று முடிந்தால் போடாதீர்கள். ‘புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பேருந்து’ என்ற ஒரே வரியில் இரண்டும் இருக்கின்றன. ‘ஆக’ என்று முடிந்தால் ஒற்று வரும், ‘ஆன’ என்று முடிந்தால் வராது: புதிதாகத் திறக்கப்பட்டுள்ளது, இலவசமாகக் கொடுக்கப்படும், ஆனால் தரமான துணிகள். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி இவற்றுக்குப் பின் வரும்: இந்தப் பக்கம். வந்த, செய்த, நல்ல, பெரிய, சின்ன, பல, சில இவற்றுக்குப் பின் வராது. ‘நிறுத்தக் கூடாது’, ‘கொட்டக் கூடாது’ என்பதில் வரும். வாழ்க, வருக இவற்றுக்குப் பின் வராது, ஆகவே ‘வாழ்க தமிழ்’. ‘வாழ்கத் தமிழ்’ என்று போட்டுவிட்டுத் தமிழ்ப் பற்று பேசும் பேனர்கள் எத்தனையோ.

சொல் க்கு, ச்சு, ட்டு, த்து, ப்பு, ற்று என்று முடிந்தால் ஒற்று வரும்: சிறப்புப் பூஜை, அனைத்துப் பொருட்களும், எட்டுப் பேர், பத்துப் பேர். ந்து, ண்டு, ன்று என்று முடியும் வினைக்குப் பின் வராது. ‘நேரில் வந்து பெற்றுச் செல்லவும்’ என்ற வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் சான்று கையில் இருக்கும்.

ஆனால் அதே ந்து, ம்பு முடிவு ஒரு பொருளின் பெயராக இருந்து அடுத்து ‘கடை’ வந்தால் கதை மாறும்: மருந்துக் கடை, இரும்புக் கடை. கடைப் பெயர்களில் பெரும்பாலும் ஒற்று உண்டு: நகைக் கடை, துணிக் கடை, மளிகைக் கடை, இறைச்சிக் கடை, பூக்கடை. இவை எழுதியவருக்குத் தெரியாததால் விடுபடுவதைவிட, வடிவமைப்பவர் கையால் விடுபடுவதே அதிகம். ‘நகை’யைப் பெரிய எழுத்தில் மேலேயும் ‘கடை’யைச் சின்ன எழுத்தில் கீழேயும் வைக்கும்போது வரிக் கடைசியில் தனியாகத் தொங்கும் க் அவருக்கு அழகாகப் படாது, எடுத்துவிடுவார். அது இருக்கட்டும் என்று சொல்லுங்கள். அழகு கெடுகிறது என்றால் இரண்டு சொல்லையும் ஒரே வரியில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஒற்றை அதிகமாகப் போடுவதும் பிழைதான். ட், ற் இரண்டுக்கும் அடுத்து இன்னொரு மெய்யெழுத்து நிற்காது. ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’, ‘கட்ச்சி’ மூன்றும் தவறு. முயற்சி, பயிற்சி, கட்சி. இரண்டு மெய்களை அடுக்கித் தாங்கக்கூடியவை ய், ர், ழ் மட்டுமே: வளர்ச்சி, மகிழ்ச்சி, தேர்ச்சி. பயிற்சி மையங்களின் பெயர்ப் பலகையிலேயே இந்தப் பிழை இருப்பதுதான் வேதனை. பெற்றோர் அந்தப் பலகையைப் பார்த்துத்தானே பிள்ளையைச் சேர்க்கிறார்கள்?

ஒருமை, பன்மையில் ஒரு வரி. ‘ஒவ்வொரு வீடுகளிலும்’ அல்ல, ஒவ்வொரு வீட்டிலும். ‘கடைகள் உள்ளது’ அல்ல, கடைகள் உள்ளன. ‘பேருந்து நிலையம் அருகாமையில்’ என்பதற்கு ‘அருகில்’ என்று எழுதினால் போதும், இடமும் மிச்சம்.

ஊர்ப்பெயர்கள்

உள்ளூர்க்காரர் ஊர்ப்பெயரைப் பிழையாகப் பார்த்தால் மற்ற பிழைகளைவிட அதிகமாகக் கோபப்படுவார், அதில் நியாயமும் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு இடத்தில் ப் இரட்டிக்கிறது: திரு-வுக்குப் பின், பாதிரிக்குப் பின். பாதிரி என்பது அந்தக் கோயிலின் தலமரம். ‘திருபாதிரிபுலியூர்’ என்று ஒற்றைத் தின்றுவிட்டுப் பத்திரிகை அடிப்பது வழக்கமாகிவிட்டது. மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம், அரியாங்குப்பம் மூன்றிலும் குப்பத்துக்கு முன் நிற்கும் மெய்யை விடாதீர்கள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் கடற்கரை ஊர்கள், ஆகவே பட்டினம், ‘பட்டணம்’ அல்ல. விருத்தாசலத்தில் அசலம் என்றால் மலை, ச் இரட்டிக்காது. சுண்ணாம்பாறு ஆற்றின் பெயர், ஆகவே று. தென்பெண்ணையில் மூன்று சுழி. மணக்குள விநாயகர், மணல்குளத்தை ஒட்டி வந்த பெயர் என்பதால் அங்கும் மூன்று சுழிதான்.

ஊர்ப்பெயருக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒற்று வருமா? இலக்கணப்படி ‘கடலூர்த் துறைமுகம்’, ‘புதுச்சேரிக் கடற்கரை’ சரி. நாளிதழ்கள் ஒற்றில்லாமல்தான் எழுதுகின்றன. எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அச்சிடும் தாள் முழுவதும் அதையே பின்பற்றுங்கள். பேனரின் மேல் வரியில் ஒன்றும் கீழ் வரியில் ஒன்றும் இருப்பதுதான் கண்ணை உறுத்தும்.

புதுச்சேரியில் முகவரி எழுதும்போது ‘வீதி’ என்பதே வழக்கு: மிஷன் வீதி, நேரு வீதி, பாரதி வீதி. கடலூரிலிருந்து அச்சடிப்பவர்கள் அதைத் ‘தெரு’ ஆக்கிவிடுகிறார்கள். பிரெஞ்சுப் பெயர் கொண்ட வீதிகளைத் தமிழில் எழுதுவது ஆளுக்கு ஆள் மாறும். அந்த வீதி முனையில் இருக்கும் பெயர்ப் பலகையில் தமிழில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே எழுதிக்கொள்வது நல்லது, தேடி வருபவர் அதைத்தான் பார்ப்பார். ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் 2006 முதல் புதுச்சேரி. புதுவை என்று எழுதினாலும் பிழையில்லை.

கணினி செய்யும் குறும்பு

நீங்கள் கைப்பேசியில் அடித்து அனுப்பியது ஒருங்குறி (யூனிகோடு) எழுத்து. பல கடைகளில் இன்னும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. உங்கள் வாசகத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது எழுத்து சிதறலாம். மூன்று இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

முதலாவது ர். பழைய எழுத்துருவில் ர் அடிப்பதற்குப் பதில் துணைக்காலின் மேல் புள்ளி வைத்துவிடுவார்கள். பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். ஒருங்குறிக்கு மாற்றியபின் ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ ஆகி, வேறு எழுத்துருவில் கால் தனியாகக் கழன்று நிற்கும். இரண்டாவது ஔகாரம். கௌரி, கௌதம், சௌந்தர்யா போன்ற பெயர்களில் வருவது ஒரே குறி. கெ-வையும் ள-வையும் தனித்தனியாக அடித்தால் ‘கெளரி’, அதாவது கெ-ள-ரி. சோதிக்க எளிய வழி: எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பின்னழிப்பு விசையைத் தட்டுங்கள். க மட்டும் மிஞ்சினால் சரி, கெ மிஞ்சினால் தவறு. மூன்றாவது கொம்பு. பழைய போட்டோஷாப் பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பை இயக்காமல் ஒருங்குறித் தமிழை ஒட்டினால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வருவதற்குப் பதில் பின்னால் போய் நிற்கும். கொ, கோ, கை வரும் சொற்களை மட்டும் ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும்.

பத்திரிகையில் எழுத்தைத் தவிர

அச்சகங்கள் சென்ற முறை அடித்த பத்திரிகையின் கோப்பைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றுவார்கள். ஆகவே பழைய தமிழ் வருடம் அப்படியே தங்கிவிடும். 2026 ஏப்ரல் 14 முதல் பராபவ வருடம், அதற்கு முந்தையது விசுவாவசு. ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம் ஐந்தையும் நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘வளர்பிறை’ என்று எழுதியிருந்தால் அன்று உண்மையிலேயே வளர்பிறையா என்றும் பாருங்கள். முகூர்த்த நேரத்தில் ‘மணிக்கு மேல்’, ‘மணிக்குள்’ இரண்டும் இடம் மாறாமல் இருக்கிறதா, முன்னெழுத்துகள் சரியா, மண்டபம் இருக்கும் ஊர் சரியா என்பவை அடுத்தவை.

திருத்தாமல் விட வேண்டியவை

கோயில், கோவில் இரண்டும் சரி. பவளம், பவழம் இரண்டும் சரி. கறுப்பு, கருப்பு இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. வாழ்த்துகள், வாழ்த்துக்கள் சண்டையில் ‘வாழ்த்துகள்’ பக்கம் நிற்பது பாதுகாப்பு, ஆனால் இன்னொருவர் அடித்த பேனரில் க் இருக்கிறது என்று சண்டைக்குப் போவது வீண். ஆட்களின் பெயரை அவரவர் எழுதுகிறபடியே விடுங்கள். வெங்கடாச்சலம் என்று கையெழுத்துப் போடுகிறவரிடம் மலைக்கு ஒரு ச தான் என்று பாடம் நடத்த முடியாது. பழைய பலகையில் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த லை, னை இருந்தால் அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம், பிழையல்ல.

கடைசி வாசிப்பு

கைப்பேசித் திரையில் மட்டும் பார்த்துச் ‘சரி’ சொல்லாதீர்கள். ஏ4 தாளில் ஒரு படி எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு பேர் உட்காருங்கள்: ஒருவர் மூல வாசகத்தை மெதுவாக, சுழியும் ஒற்றும் சேர்த்துச் சொல்லி வாசிக்கட்டும் (‘மூன்று சுழி ண, வல்லின று, க் உண்டு’), மற்றவர் அச்சுப்படியில் விரலை வைத்து ஒத்துப்பார்க்கட்டும். அடுத்ததாகக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல் வரை பின்னோக்கி வாருங்கள். வாக்கியத்தின் பொருள் இழுத்துக்கொண்டு போகாததால் கண் எழுத்தில் நிற்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பைத் தனியாகப் பாருங்கள். அது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் எல்லோருமே அதைத் தாண்டிவிடுவார்கள்.

திருத்தத்தைச் சிவப்பு மையில், தவறிய எழுத்தை வட்டமிட்டு, ஓரத்தில் சரியான முழுச் சொல்லாக எழுதுங்கள். ‘ண போடு’ என்று மட்டும் எழுதினால் எந்த ண என்று அவருக்குத் தெரியாது. திருத்தி வந்த படியில் திருத்திய சொல்லை மட்டும் பார்க்காமல் அந்த வரி முழுவதையும் மறுபடி படியுங்கள், ஒரு சொல்லை மாற்றும்போது பக்கத்துச் சொல்லின் ஒற்று அழிந்துபோவது சாதாரணம். பார்த்து முடித்த படியில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். பிறகு பிழை வந்தால் அது யாருடைய செலவு என்ற பேச்சுக்கு அந்தத் தாள் பதில் சொல்லும்.

அச்சாகி வந்த பிறகு ஒரு எழுத்துதான் தவறு என்று தெரிந்தால் ஃபிளெக்ஸ் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியதில்லை. அதே எழுத்துருவில், அதே அளவில், பின்னணி நிறத்தோடு அந்தச் சொல் முழுவதையும் வினைல் ஸ்டிக்கராக எடுத்து, ஃபிளெக்ஸைத் துடைத்துக் காயவைத்து, ஒரு ஓரத்திலிருந்து காற்றுக் குமிழ் இல்லாமல் தேய்த்து ஒட்டலாம். ஒற்றை எழுத்தை மட்டும் ஒட்டினால் இரண்டு நாள் வெயிலில் மூலை தூக்கிக்கொள்ளும். பத்திரிகைக்கு இந்த வழி கிடையாது.